கடைசி ஒட்டு

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்த பூங்கொடி, இன்றைக்கு இதை முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இதே வார்த்தையைத் தீபாவளிக்கு முன்பும் சொன்னாள், பொங்கலுக்கு முன்பும் சொன்னாள். சொல்வதற்கென்ன, காசா பணமா. ஆனால் இந்தத் தடவை தயாரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அருள்செல்வி நேராக வந்து மேஜையில் கையை ஊன்றி நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. நாளைக்குக் காலைல மெஷினெல்லாம் லாரி ஏறோணும். அந்த ஓட்டைய அடைச்சாச்சுன்னு எழுதிக் குடுத்தாத்தான் மில்லுக்காரங்க உள்ளயே எடுப்பேங்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள சோர்ஸை ஒருக்கா இழுத்துச் சேத்தீருங்கக்கா." சரி கண்ணு என்று பூங்கொடியும் சொல்லிவிட்டாள். சொன்ன வாய் சொன்னதோடு சரி, கை கீபோர்டுக்குப் போகவில்லை. பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பும் எண்ணெயும் கலந்த வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. கோயமுத்தூர் கணபதியில் இந்தச் சந்துக்குள் வேலைக்கு வந்த நாளிலிருந்து இருக்கிற வாடைதான், இன்றைக்கு மட்டும் தொண்டையில் நிற்கிறது. வலது பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரோ ஒருநாள் சர்க்யூட் போர்டு அட்டைப்பெட்டி ஒன்றை அதன் மேல் வைத்தார்கள், அதோடு அது உட்காரும் நாற்காலியாக இல்லாமல் போய்விட்டது. நல்லதுதான். காலி நாற்காலியைப் பார்ப்பதற்கு அட்டைப்பெட்டியைப் பார்ப்பது கொஞ்சம் தேவலை.

இவர்கள் செய்வது நூலைச் சோதிக்கிற மெஷின். நூல் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று ஓட ஓட அளந்து படம் போட்டுக் காட்டும். அதன் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டம் விலை கொடுத்து வாங்கினதல்ல. உலகத்தின் நாலா மூலையிலும் உள்ளவர்கள் தங்கள் பாட்டுக்கு எழுதி, சோர்ஸ் கோடு என்கிற அந்தக் கட்டளை வரிகள் முழுவதையும் பொதுவான ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அங்கே தினமும் எதையாவது திருத்திக்கொண்டே இருப்பார்கள். அந்தத் திருத்தங்கள் இங்கேயும் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் நம்முடையது பழசாகிக்கொண்டே போகும், ஓட்டை விழும், எவனாவது புகுந்துவிடுவான். அதற்காக இங்கே இரண்டு பிரதி. ஒன்று அங்கே இருப்பது அப்படியே. அதற்குச் சுத்தப் பிரதி என்று பேர். அதில் யாரும் கை வைக்கக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அங்கே இருப்பது வந்து இங்கே இருப்பதை மூடிவிடும். இன்னொன்று நம்ம பிரதி. நம் மெஷினுக்கென்று செய்த மாற்றங்கள் இருப்பது அதில்தான். அந்த மாற்றங்களுக்கு ஒட்டு என்று பேர் வைத்தது நாச்சிமுத்து. சட்டை கிழிந்த இடத்தில் துணி வைத்துத் தைப்பதுபோல என்று சொல்வார். இரண்டு பிரதியையும் ஏற்படுத்தி, காலை ஆறு மணிக்குச் சுத்தப் பிரதி தானாகப் புதுசாகிக்கொள்ளும்படி செய்து, வந்ததை நம்ம பிரதியில் கொண்டுபோய்ச் சேர்த்து, அதையே இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். பூங்கொடியின் வீட்டுக்காரர். போன வருஷம் பங்குனியில் இறந்துபோனார்.

கட்டளையை அடித்துவிட்டு எண்டர் மேல் விரலை வைத்திருந்தாள். அழுத்தினாளா அதுவாக அழுந்திற்றா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஸ்கிரீனில் ஃபைல் பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்துவிட்டன. ஒரு வருஷத்துக்கும் மேலே சேர்ந்துபோனது, லேசில் முடியாது. ஓடட்டும். முன்பெல்லாம் காலையில் நாலைந்து வரிதான் வரும், அதை அவர் மற்றவர்கள் பேப்பர் படிக்கிற மாதிரி படிப்பார். காப்பி டம்ளரை லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வைக்காதீங்கன்னா கேட்கிறதில்லை, "இங்க பாரு புள்ள, இந்த நார்வேக்காரன் ராத்திரியெல்லாம் தூங்கல போல, எல்லாத்தையும் கலைச்சு அடுக்கியிருக்கறான். பொண்டாட்டியோட சண்டையாட்ட இருக்குது." அப்படித்தான் எல்லோரையும் பற்றிப் பேசுவார், ஏதோ அடுத்த வீதியில் குடியிருக்கிறவர்களைப்போல. ஒருத்தன் அவசரக்காரன், ஒருத்தி எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம், ஒரு பெரியவர் குறிப்பிலேயே திட்டுவார். முகம் தெரியாது, குரல் தெரியாது. அவர்களில் ஒருத்தருக்காவது இங்கே கோயமுத்தூரில் தங்களை இப்படி விடாமல் படித்துக்கொண்டிருந்த ஆள் போய்விட்டார் என்று தெரியுமா. எப்படித் தெரியும். அவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர் போனபிறகும் பால்காரர் பால் ஊற்றினார், கரண்ட் பில் வந்தது, இவர்களும் எழுதினார்கள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியும், இருந்தாலும் ஏறிக்கொண்டே இருந்த அந்தப் பெயர்களின் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு நாளாவது நின்றிருக்கக் கூடாதா.

அதனால்தான் அவள் அந்தக் காலை இழுப்பை நிறுத்தினாள். கருமாதி முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள். எல்லோரும் வந்து துக்கம் விசாரித்தார்கள், முதலாளி வந்து இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோம்மா என்றார், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வதுங்க என்றாள். அவர்கள் போனதும் ஆறு மணி வேலை இருந்த ஃபைலைத் திறந்து, அந்த வரியின் முன்னால் ஒரே ஒரு குறி போட்டுச் செல்லாததாக்கினாள். அழித்துவிடவில்லை, அழிக்க மனசு வரவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு முழிப்பு வந்து படுக்கையில் கிடந்தபோது, அங்கே இப்போது ஒன்றும் நடக்கவில்லை என்ற நினைப்பே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவர் கடைசியாக விட்ட இடத்திலேயே இரண்டு பிரதியும் நிற்கின்றன. அதற்கப்புறம் யாரும் ஒரு வரி சேர்க்கவில்லை, ஒரு வரி எடுக்கவில்லை. யார் கேட்டாலும் பண்றேன் பண்றேன் என்றாள். அவள் எதையும் தள்ளிப் போடுகிறவளல்ல என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் நம்பினார்கள். இப்போது பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. சுத்தப் பிரதி பங்குனியைத் தாண்டிவிட்டது, சித்திரையைத் தாண்டிவிட்டது, இந்நேரம் ஆடிக்கு வந்திருக்கும். தண்ணீர் குடித்தாள்.

ஆடி என்றதும் அது வந்துவிடுகிறது, வராமல் இருக்குமா. அவரோடு சண்டை வந்ததும் அவர் போவதற்கு முந்தின ஆடியில்தான். மில்களில் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த சமயம். கரண்ட் போய் வந்தால் மெஷின் தன் டிஸ்கைத் தலையிலிருந்து கால்வரை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். அதற்குள் மில்லில் ஷிப்டே மாறிவிடும். பொது இடத்துக்காரர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு, பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் ஊரில் கரண்ட் போனால்தானே தெரியும். நீங்க விடுங்க, நான் பாத்துக்கறேன் என்று பூங்கொடி உட்கார்ந்தாள். பல நாள் உட்கார்ந்து, சோறு தண்ணி மறந்து, எந்த இடத்தில் பாதியில் நின்றதோ அந்த இடத்தை மட்டும் சரிபார்த்துக்கொண்டு எழுந்திருக்கிற மாதிரி எழுதினாள். அவளுக்கு வேலையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. முடித்த அன்று பூரிப்பில் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. எழுதின அடையாளமே இல்லை. அப்புறம்தான் புரிந்தது. சுத்தப் பிரதி ஒரு ஜன்னலில், நம்ம பிரதி ஒரு ஜன்னலில், இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எழுதின அத்தனையையும் சுத்தப் பிரதியில் எழுதியிருக்கிறாள். முந்தின வாரமெல்லாம் பொது இடத்தின் கம்ப்யூட்டர் ஏதோ ரிப்பேரில் இருந்ததால் இழுப்பு நடக்கவில்லை, அதனால் தெரியவில்லை. அன்று காலை ஆறு மணிக்கு அது சரியாகி, வந்து, மூடிவிட்டது. சுத்தப் பிரதிக்கு வேறு நகல் எடுத்து வைக்கிற வழக்கமும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப இழுத்துக்கொள்ளலாம்தானே. இந்த வேலையில் இல்லாதவர்களுக்கு இதைச் சொன்னால் இதென்ன பெரிய விஷயம் என்பார்கள். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு இதைவிட வெட்கக்கேடு வேறில்லை. பச்சைப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம். அவர் வந்தார், எட்டிப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், "சுத்தப் பிரதில எழுதற ஆளு எங்கூட வேலை செய்ய வேண்டாம். வீட்டுல போயி ஒக்காரு" என்றார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அருள்செல்விகூட அங்கேதான் நின்றிருந்தாள், அப்போது புதுசு.

எழுதினதெல்லாம் போனதற்கே அவள் செத்துக்கொண்டிருந்தாள், அதன் மேல் இந்தச் சொல். பூங்கொடி ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை, அப்புறம் பேசாமல் இருப்பதே பழகிவிட்டது. அவள் பிடிவாதம் ஊர் அறிந்தது, கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் அண்ணன் அவரிடம் சொல்லி எச்சரித்ததுதான். வேளாவேளைக்குச் சோறு போட்டாள், சட்டையைத் தேய்த்து வைத்தாள், ஒரே வண்டியில் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வந்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. பெங்களூரில் இருக்கிற மகள் யாழினிக்குப் போன் போட்டு, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்பாள். அவள் அங்கிருந்து அப்பாவுக்குப் போன் போட்டு, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்கப்பா என்பாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் பத்தடி தூரம், பேச்சு பெங்களூர் போய்ச் சுற்றிக்கொண்டு வரும். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நானென்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா" என்று அந்தப் பெண் ஒருநாள் அழுதேவிட்டது. ஆனால் வேலையில் பேசாமல் முடியாதே. அதற்கு ஒரு வழி தானாக வந்தது. கோடுக்கு நடுவே குறிப்பு எழுதுகிற வழக்கம் உண்டு, மெஷின் அதைப் படிக்காது, மனுஷருக்காக எழுதுவது. அதில் அவர், பூங்கொடி, இந்த இடம் சரியா பார் என்று எழுதுவார். அவள் கீழே சரி என்றோ தப்பு என்றோ எழுதுவாள். வேறு ஒரு எழுத்து கூடுதலாக எழுத மாட்டாள். அவர் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. இதைத் தொடாதே, தொட்டால் மெஷின் நிற்கும். மழை வருகிறது, வண்டியில் உன் மழைக்கோட்டு இல்லை, என்னுடையதைப் போட்டுக்கொள். எல்லாவற்றுக்கும் சரி. அப்புறம் கார்த்திகையில் ஒருநாள் காலையில் நம்ம பிரதியைத் திறந்தால், அவள் தொலைத்தது முழுதும் அங்கே இருந்தது. வரிக்கு வரி. தான் எழுதும்போது பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தலையைத் திருப்பினதாகக்கூட அவளுக்கு ஞாபகமில்லை, தன் வேலையில் மூழ்கிக் கிடந்தார் என்றே நினைத்திருந்தாள். பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எண்ணிக்கை வைக்கிற இடத்துக்கெல்லாம் அவள் குட்டி என்று பேர் வைப்பாள், அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது, என்ன பேரு இது, நாளைக்கு இன்னொருத்தன் படிச்சா சிரிக்க மாட்டானா என்பார். அந்தக் குட்டியைக்கூட மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார். மேலே ஒரு குறிப்பு. இது பூங்கொடி எழுதினது. ஞாபகத்திலிருந்து திருப்பி எழுதியிருக்கிறேன். அவள் எழுதினது இதைவிட நன்றாக இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தாள். கண் நிறைந்து எழுத்து கலங்கியது. கீழே எழுதப் போனாள், கர்சர் நின்று நின்று மின்னியது, எழுதினாள். சரி. அதற்கு மேல் வரவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி நெய் ஊற்றி வைத்தாள், அவருக்குப் பிடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை, ஏனுங்க என்று ஒரு வார்த்தை, தொண்டைவரை வந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று ரசத்தை எடுக்க உள்ளே போனாள். எத்தனையோ நாளைக்கு வந்தது, தை வந்தது, மாசி வந்தது, பேசிக்கொள்ளலாம் பேசிக்கொள்ளலாம் என்று பங்குனியும் வந்துவிட்டது.

ஸ்கிரீன் நின்றிருந்தது. சுத்தப் பிரதி இன்றைய தேதிக்கு வந்துவிட்டது. இனி அதை நம்ம பிரதியில் சேர்க்க வேண்டும். ஒரு காலத்தில் நாற்பதுக்கு மேல் ஒட்டு இருந்தது. அவற்றில் நல்லதாக இருந்ததை அவர் பொது இடத்துக்கு அனுப்பி, அங்கே ஏற்றுக்கொண்டதும் இங்கே எடுத்துவிடுவார். அங்கேயே இருக்கும்போது நமக்கெதற்குத் தனி ஒட்டு. ஒவ்வொன்று கழியும்போதும் அவருக்குச் சந்தோஷம். "ஒட்டுப் போட்ட சட்டையோட எத்தன நாளைக்குப் புள்ள திரியறது? ஒருநாளைக்கு ரெண்டு பிரதியையும் ஒத்துப் பாத்தா வித்தியாசம்னு ஒன்னுமே வரக் கூடாது. ஸ்கிரீன் சும்மா இருக்கோணும். அன்னிக்கு லீவு போட்டுட்டு வால்பாறை போயிட்டு வரலாம்." எந்த வால்பாறை, எந்த லீவு. அவர் போகும்போது மூன்றே மூன்று மிச்சம். சேர்க்கச் சொல்லி அடித்தாள். முதல் ஒட்டு அங்கேயே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது, சத்தமில்லாமல் கழிந்தது. இரண்டாவதுக்கு வேண்டிய பழைய உதிரிபாகமே இப்போது கிடையாது, அந்த ஃபைலையே தூக்கிவிட்டிருந்தார்கள். மூன்றாவதில் நின்றது. அங்கேயும் அதே இடத்தில் கை வைத்திருக்கிறார்கள், இங்கேயும் கை வைத்திருக்கிறாய், எது வேண்டும், நீயே சொல் என்று கேட்டது. மேலே நம்முடையது, நடுவே சமக்குறிகளால் ஒரு தடுப்பு, கீழே அவர்களுடையது. மேலே, இது பூங்கொடி எழுதினது. கீழே எவனோ எங்கிருந்தோ எழுதியது. அதற்கும் ஒரு குறிப்பு இருந்தது. மின்சாரம் அடிக்கடி போகிற ஊர்களுக்காக. நன்றாக எழுதியிருந்தான். அவளுடையதைவிட நன்றாக. அவள் நாலு பக்கம் சுற்றிப் போன இடத்தில் நேராகப் போயிருந்தான். அவள் யோசிக்காத ஒரு சங்கடத்தையும், கரண்ட் வந்து உடனே மறுபடி போனால் என்ன ஆகும் என்பதை, அவன் யோசித்திருந்தான். அவன் ஊரிலும் அப்படிப் போகிறது போல. அவனும் எத்தனை நாள் சோறு தண்ணி மறந்தானோ. மில்லுக்காரர்கள் கேட்ட ஓட்டையடைப்பும் அவன் எழுதின வரிகளோடு பின்னிக் கிடந்தது, அதை விட்டு இதை எடுக்க வழியில்லை. மேலே உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டால் ஓட்டை அப்படியே இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டால் ஒரே இடத்தை இரண்டு பேரும் சரிபண்ணி டிஸ்கே கெட்டுப்போகும். கோடு வரிகளை எடுத்துவிட்டுக் குறிப்பை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு ஆசை வந்தது. யாருக்கு என்ன கெடுதல், மெஷின்தான் அதைப் படிக்காதே. ஆனால் அவர் குரல் உடனே வந்துவிட்டது. கோடு போன பொறகு குறிப்பு மட்டும் நிக்கக் கூடாது புள்ள, அது பொய்யாப் போயிரும்.

"எதாச்சும் சிக்கலுங்களாக்கா?" அருள்செல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரே ஒரு எடத்துல மோதுது." "எது, அந்தக் கரண்டு ஒட்டா?" அந்தப் பெண்ணுக்கும் தெரியும், இங்கே யாருக்குத்தான் தெரியாது. அருள்செல்வி மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். "பழசெல்லாம் வரலாத்துல இருக்குமல்லங்கக்கா, எங்கியும் போயிராது. எப்ப வேணும்னாலும் எடுத்துப் பாத்துக்கலாம்" என்றாள். நல்ல பெண். ஆறுதலாகத்தான் சொல்கிறாள், சொல்வது உண்மையும்கூட. எடுக்கிற ஒவ்வொரு வரியும் பழைய தேதியில் பத்திரமாக இருக்கும், தேடிப் போனால் கிடைக்கும். போட்டோவும்தான் கூடத்துச் சுவரில் இருக்கிறது. ஆனால் இன்றைக்குவரை எந்த மில்லில் எந்த மெஷினைப் போட்டாலும், கரண்ட் போய் வந்து அது எழுந்திருக்கும்போதெல்லாம், அவர் ஞாபகத்திலிருந்து எழுதினது உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டி எண்ணிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஏறுகிற மெஷினில் அது இருக்காது. அதைப் போய் யாரிடம் சொல்வது, சொன்னால் எப்படி விளங்கும். "நீ போ கண்ணு, நான் பண்ணீர்றேன்" என்றாள்.

முதலில் சோதிக்க வேண்டும். அவர்களுடைய வரிகளை மட்டும் வைத்து ஒன்று தயார்செய்து, மூலையில் இருந்த சோதனை மெஷினில் ஏற்றினாள். ஓடவிட்டு, நூலைக் கோத்து, படம் வரைய ஆரம்பித்ததும் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். வேறு வழியில்லை, இந்த ஒட்டுக்குச் சோதனை என்றால் அதுதான். குனிந்து ப்ளக்கைப் பிடித்தவள் அப்படியே இருந்தாள். அவரும் இப்படித்தான் குனிந்திருக்க வேண்டும். உடுமலைப் பக்கத்து மில்லில், சோதனைக்கூடத்தில், ஏசி குளிரில், கரண்டு போனாலும் எந்திரிச்சுக்குமுங்க பாருங்க என்று அவர்களுக்குக் காட்டுவதற்காக. அங்கே இருந்தவர்கள் பின்னால் வந்து சொன்னார்கள். ப்ளக்கைப் பிடுங்கினார், மாட்டினார், மெஷின் எழுந்தது, பாத்தீங்களா என்று சிரித்தார், எங்க வீட்டுல எழுதினதுங்க என்று சொன்னார், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார், வாயுவாட்ட இருக்குதுங்க ஒரு சோடா கெடைக்குங்களா என்று கேட்டார், நாற்காலியில் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. எங்க வீட்டுல எழுதினதுங்க. முகம் தெரியாத ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். பேசாமல் முறைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் வருகிற பொண்டாட்டியைப் பற்றி அத்தனை பெருமையாக. அன்று காலையிலும் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்தாளே. அவரே எடுத்துக்கொண்டு, போயிட்டு வர்றேன் புள்ள என்று அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னார். தண்ணீர் சத்தத்தில் கேட்காததுபோல் பாத்திரம் தேய்த்தாள். கேட்டது. நன்றாகவே கேட்டது. ப்ளக்கைப் பிடுங்கினாள். உள்ளே விசிறி சுற்றி, மெலிந்து, நின்றது. அந்தச் சத்தம் அடங்குகிறவரை மூச்சுவிடவில்லை. மாட்டினாள், உடனே பிடுங்கினாள், அவன் யோசித்திருந்தானே அந்தச் சங்கடத்தையும் பார்த்துவிடலாம் என்று, மறுபடி மாட்டினாள். மெஷின் எழுந்து விட்ட இடத்திலிருந்து படம் வரைய ஆரம்பித்தது. ஒரு குறையும் இல்லை.

திரும்ப வந்து உட்கார்ந்தாள். இனி யோசிக்க ஒன்றுமில்லை, யோசித்தால் மறுபடி தீபாவளி வந்துவிடும். மேலே இருந்த முதல் வரியில் கர்சரை வைத்தாள். இது பூங்கொடி எழுதினது என்ற வரி போயிற்று. ஞாபகத்திலிருந்து போயிற்று. இதைவிட நன்றாக இருந்தது போயிற்று. அவளுடைய சரி போயிற்று. ஒரே அடியாகத் தேர்ந்து எடுத்துவிட்டிருக்கலாம், அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து ஒவ்வொரு வரியாக எடுத்தாள். குட்டி வருகிற ஒவ்வொரு இடத்திலும் விரல் நின்று நின்று போயிற்று. கடைசியில் சமக்குறித் தடுப்பையும் எடுத்துச் சேமித்துவிட்டு, இரண்டு பிரதியையும் ஒத்துப் பார்க்கிற கட்டளையை அடித்தாள். எத்தனை வருஷமாக அடிக்கிற கட்டளை, அடித்தால் பக்கம் பக்கமாக வரும், பிறகு ஒரு பக்கம் வந்தது, பிறகு அரைப் பக்கம். எண்டரை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தாள். கர்சர் சும்மா அடுத்த வரியில் வந்து நின்றது. ஸ்கிரீன் சும்மா இருந்தது. அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது, தோன்றின அதே வேகத்தில் தலை வலது பக்கம் திரும்பிவிட்டது, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏனுங்க, ஒன்னுமே வரலீங்க. இங்க வந்து பாருங்க."

அட்டைப்பெட்டியின் மேல் வெயில் விழுந்திருந்தது. லேத் நின்றிருந்தது, பட்டறையில் டீ நேரம் போல. சத்தம் கேட்டு அருள்செல்வி உள்ளே வந்தாள். ஸ்கிரீனைப் பார்த்தாள், பூங்கொடியைப் பார்த்தாள், அறையில் வேறு யாரும் இல்லை என்பதையும் பார்த்தாள்.

"யாருகூடங்கக்கா பேசீட்டிருக்கறீங்க?"

"அவருகூடத்தான் கண்ணு" என்றாள் பூங்கொடி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், நாற்காலியின் மேலிருந்த பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தாள்.